ஜௌபரின் நாக்கும் இறுதிப் போட்டியும்

பாலாவியில் இருந்து கல்பிட்டிக்குப் போகிற பாதையில் யாரிடமாவது ஜௌபரின் வீடு எது என்று கேட்டால், எந்த ஜௌபர் என்று திருப்பிக் கேட்பார்கள். மைக் ஜௌபர் என்று சொன்னால் போதும். போகிற வேலையைப் போட்டுவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். வழியெல்லாம் அவர் வாயால் கேட்ட போட்டிகளைப் பற்றி ஒரு மூச்சுக் கதையும் சொல்வார்கள்.

பகலில் அவர் உப்பளத்தில் மோட்டர் போடுகிறவர். களப்பின் கடல்தண்ணீரை இறைத்து வாய்க்காலில் விட்டு, எந்தப் பாத்திக்கு எப்போது மடை திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்ப்பது அவருடைய வேலை. அங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது. மோட்டர் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. வாயில் தேங்கிக் கிடந்ததை எல்லாம் அவர் சனி, ஞாயிறு பின்னேரங்களில் உதைபந்தாட்ட மைதானத்தில் கொட்டித் தீர்த்தார். பந்து கோணர் கொடியைத் தாண்டுவதற்குள் அடித்தவனின் பெயர், அவன் வாப்பாவின் பெயர், அவன் காலையில் என்ன தின்றிருப்பான் என்பது வரை சொல்லி முடித்துவிடுவார்.

ஒன்பது வயதில், தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கில் இருந்து விரட்டியபோது, உம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மன்னாரில் இருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர். அன்றைக்கு அகதி முகாமாக இருந்த இடம் இப்போது கல்வீடும் மதிலும் கட்டிய குடியேற்றம்; ஆனாலும் ஊர் வாயில் அது இன்னும் முகாம்தான். முகாம் பொடியன்களும் பக்கத்து ஊரான எத்தாளைப் பொடியன்களும் பந்து விளையாடினால் முந்தி ஒவ்வொரு தடவையும் சண்டை. அறிவிப்பாளர் எந்தப் பக்கத்து ஆளோ, மற்றப் பக்கம் அவருக்குக் கல்லெறியும். அப்படி ஒருவர் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிய நாளில்தான் ஜௌபர் அதைக் கையில் எடுத்தார். எடுத்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் தன் சொந்தத் தம்பி அடித்ததை ஃபவுல் என்று ஊர் கேட்கச் சொன்னார். தம்பி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. எத்தாளைக்காரர்கள் ஆனால் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்கள், மைக்கில் இந்த ஆள்தான் வேணும் என்று. அன்றில் இருந்து இருபது வருடம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு வாய்தான்.

அந்த வாய்க்குத்தான் கண் பட்டது.

ஒரு நாள் பாண் தின்றுகொண்டிருக்கும்போது நாக்குக்குக் கீழே, இடது பக்கத்தில், வழுவழு என்று எதுவோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தால் நீலம் பாரித்த ஒரு கொப்புளம். நோவில்லை, எரிச்சல் இல்லை. திராட்சைப் பழம் அளவில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அது வளர வளர நாக்கை மேலே தள்ளியது. ர, ல, ட எல்லாம் வாய்க்குள்ளேயே உருண்டு, வெளியே வரும்போது ஒரே கூழாக வந்தது. அடுத்த போட்டியில் கூட்டத்துக்குள் இருந்து ஒருவன், "ஜௌபர் நானா, கல்கண்ட முழுங்கிட்டுக் கதைங்க," என்று கத்தினான். மைதானமே சிரித்தது. ஜௌபரும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி மர்ஷூதா அன்றைக்கே சொன்னார். ஜௌபர் கேட்கவில்லை. நாக்குக்குக் கீழே கத்தி வைத்தால் நாக்கு செத்துப்போகும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் ஊமைதான் என்று எங்கேயோ யாரோ சொன்னது அவர் மண்டைக்குள் ஆணி அடித்து உட்கார்ந்திருந்தது. உப்பளத்துக்காரருக்கு வேறு ஒரு டொக்டர் கைவசம் இருந்ததும் ஒரு காரணம். காலில் சிப்பி கிழித்தால் உப்பு, பல் வலித்தால் உப்பு, தொண்டை கட்டினால் உப்பு.

"ஒரு பாத்தித் தண்ணியையே வத்த வைக்கிறது உப்பு," என்றார் ஜௌபர். "இந்தக் கொப்புளத்துல எவ்வளவு தண்ணி இரிக்கப் போகுது?"

அதற்குப் பிறகு, பாத்தியில் இருந்து பொறுக்கிய உப்புக்கல் ஒன்றை எந்நேரமும் நாக்குக்குக் கீழே அடக்கிக்கொண்டு திரிந்தார். எச்சில் ஆறாக ஊறியது. அழுக்குத் தண்ணீர் எல்லாம் வடிகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கொப்புளம் மட்டும் பெருத்துக்கொண்டே போனது. ஒரு நாள் கருவாட்டைக் கடிக்கும்போது முள் குத்தி அது உடைந்தது. முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழ என்று ஒரு வாய் நிறையத் துப்பினார். நாக்கு கீழே இறங்கி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. முற்றத்துக்கு ஓடி வந்து, போன வருட இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களை மூச்சு விடாமல் சொல்லிப் பார்த்தார். ஒரு சொல் பிசகவில்லை. கோழிகள் சிதறி ஓடின.

குணமானால் பள்ளிவாசலில் பாச்சோறு கொடுப்பதாக மர்ஷூதா நேர்ந்திருந்தார். மறுநாளே அடுப்பு மூட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, முகாம் முழுவதற்கும் பாச்சோறு போனது. மூன்று வாரத்தில் கொப்புளம் பழைய இடத்தில் வந்து குந்திக்கொண்டது. மறுபடி உப்புக்கல், மறுபடி உடைவு, மறுபடி பாச்சோறு. மூன்றாவது தடவை தட்டு வந்தபோது எதிர்வீட்டுப் பஸீனா, "இந்தக் கொப்புளம் நல்லா இரிக்கட்டும் ராத்தா, எங்களுக்குப் பசி தெரியல்ல," என்றார். மர்ஷூதாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாலாவது தடவை வந்தது திராட்சைப் பழம் இல்லை. எலுமிச்சம்பழம். நாக்கு மேல் அண்ணத்தில் போய் ஒட்டியது. சோறு விழுங்குவதே பாடாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் மைதானக் குழுத் தலைவர் பதுர்தீன் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு முகாமும் எத்தாளையும் இறுதிப் போட்டியில் நேருக்கு நேர் வந்துவிட்டன. ஒரு மாதத்தில் போட்டி.

"ஏலுமா, ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க," என்றார் ஹாஜியார். "ஏலாட்டி ரிப்கானப் போடுறேன். நல்ல கொரல்தான். ஆனா பந்து காலுல இரிக்கும்போதே கோலுண்டு கத்துற பொடியன். ரெண்டு ஊருச் சனமும் நிக்கிற எடத்துல எனக்குப் பயமா இரிக்கி."

ஜௌபர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வந்தது ஹாஜியாருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவையும் விளங்கவில்லை. ஹாஜியார் தலையைக் குனிந்து தேத்தண்ணீரைக் குடித்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் ஜௌபருக்குள் எதுவோ அறுந்தது. ஹாஜியார் போன பிறகு மர்ஷூதாவைப் பார்த்து, ஆஸ்பத்திரி இருக்கிற தெற்குத் திசைக்குக் கையைக் காட்டினார். மர்ஷூதா ஏற்கனவே அலுமாரியில் இருந்து போட்டுப் போகிற உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

பல் டொக்டர் பார்த்துவிட்டு, வாய், முகச் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் அருமைநாயகத்திடம் அனுப்பினார். நரைத்த மீசை, நிதானமான கை. விளக்கை வாய்க்குள் அடித்து, கையுறை விரலால் கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எத்தனை தரம் உடைஞ்சது?" என்று கேட்டார்.

ஜௌபர் மூன்று விரலைக் காட்டினார். உப்புக்கல் வைத்தியத்தை மர்ஷூதா ஒன்றுவிடாமல் சொன்னார். டொக்டர் முகக்கவசத்துக்குள்ளேயே தோள் குலுங்கச் சிரித்தார்.

"கோவிக்காதேங்கோ ஐயா. நாக்குக்குக் கீழ எச்சில் ஊறுற சின்னச் சுரப்பி ஒண்டு இருக்கு. அதின்ர வாய் எங்கயோ சிதைஞ்சு, எச்சில் வெளியில வராமல் உள்ளுக்குள்ள கசிஞ்சு தேங்குது. அதுதான் இந்தக் கொப்புளம். உப்பு வைச்சால் எச்சில் கூட ஊறும். நீங்கள் அதுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்திருக்கிறியள்."

ஜௌபர் கதிரையில் நிமிர்ந்தார். சொல் வராவிட்டாலும் விஷயம் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. இருபது வருடமாக அவர் செய்கிற வேலை அதுதானே. மடையைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்தியில் இருந்து தண்ணீரை வெளியே இறைத்துக் கொட்டியிருக்கிறார். மூன்று தடவை இறைத்து, மூன்று தடவை ஊருக்குப் பாச்சோறும் கொடுத்திருக்கிறார். கையால் வாய்க்காலும் மடையும் போட்டுக் காட்டி, கூழான குரலில் அதைச் சொன்னார். மர்ஷூதா மொழிபெயர்த்தார்.

"அதேதான்," என்றார் டொக்டர். "கொப்புளத்தின்ர மேல்தோலை வெட்டித் திறந்து ஓரத்தைத் தைச்சு விடலாம். சின்ன வேலை. ஆனால் திரும்பவும் வரக்கூடும். சுரப்பியையே எடுத்துவிட்டால் வாறது மிகக் குறைவு. வாய்க்கு உள்ளாலயே எடுப்பம், வெளியில தழும்பு இருக்காது. மற்றச் சுரப்பியள் இருக்கு, எச்சிலுக்குக் குறைவு வராது."

மர்ஷூதா ஜௌபரின் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்ததை அவருக்காகக் கேட்டார். "நாக்கு செத்துப் போகுமாண்டு பயப்படுறாரு டொக்டர். இவரு மைக்குல கதைக்கிறவரு."

டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஜௌபருக்கு எதிரே உட்கார்ந்தார். "பொய் சொல்ல மாட்டன். நாக்குக்கு உணர்ச்சி குடுக்கிற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பக்கத்தாலதான் ஓடுது. அதை ஒதுக்கி வைச்சுத்தான் வேலை செய்வன். எண்டாலும் கொஞ்சக் காலம் ஒரு பக்கம் விறைச்ச மாதிரி இருக்கலாம். அபூர்வமா, அது நீடிக்கவும் கூடும். நாக்கை அசைக்கிற நரம்பு வேற, அது தள்ளி இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஜௌபர் யோசிக்கவில்லை. யோசித்தால் எழும்பி ஓடிவிடுவார் என்று அவருக்கே தெரியும். விரலை மடக்கி, வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்துக் காட்டினார்.

சத்திரசிகிச்சை நாள் காலையில் பச்சை உடுப்பு மாட்டி, தள்ளுவண்டியில் படுக்க வைத்தபோது அவருடைய நெஞ்சு மோட்டரைப் போல அடித்தது. மேலே பெரிய விளக்கு. சுற்றி முகக்கவசங்கள். மயக்க மருந்து கொடுக்கிறவர் கையில் ஊசியை ஏற்றிவிட்டு, பயப்படாமல் ஏதாவது கதையுங்கள் என்றார். ஜௌபருக்குக் கதைக்கத் தெரிந்த ஒரே விதத்தில் கதைத்தார். "இதோ டொக்டர் அருமைநாயகம் வலது பக்கத்தால் மெல்ல முன்னேறி வருகிறார். தாதி அவருக்குப் பந்தை, இல்லை, கத்தியைக் கொடுக்கிறார். கோல் வாசலில் தனியாகப் படுத்திருக்கிறார் ஜௌபர்..." பாதிக்கு மேல் யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் எதுவென்று எல்லோருக்கும் விளங்கியது. தாதிமார் விழுந்து விழுந்து சிரிக்க, டொக்டர் கையை உயர்த்திப் பார்வையாளருக்கு வணக்கம் வைக்க, அறிவிப்பாளர் வசனத்தை முடிக்காமலே தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது வாயெல்லாம் வீக்கம். நாக்குக்குக் கீழே தையல். டொக்டர் ஒரு சின்னப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். கஜுக்கொட்டை அளவில் ஒரு சதைத் துண்டு. இவ்வளவு சின்னதா என்னை ஊமையாக்கியது என்று ஜௌபருக்கு ரோசம் வந்தது. சோதனைக்கு அனுப்புவோம், கெட்டதாக ஒன்றும் தெரியவில்லை என்றார் டொக்டர். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினார். அப்படியும் இப்படியும் ஆட்டச் சொன்னார். ஆட்டினார். இடது பக்கத்தை ஒரு குச்சியால் தொட்டு, தெரிகிறதா என்றார். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் நாக்கைத் தொட்ட மாதிரி இருந்தது.

"காலம் எடுக்கும். ரெண்டு மூண்டு நாளில மெதுவாக் கதைக்கத் தொடங்குங்கோ. ஒரு மாசத்துக்குச் சத்தம் போடப்படாது, கத்தப்படாது," என்று சொல்லித்தான் விட்டார்.

ஜௌபர் மெதுவாகவும் கதைக்கவில்லை. கஞ்சியை ஆற்றிக் குடித்தார், உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்தார். இந்தத் தடவை டொக்டரே சொன்ன உப்பு. வீக்கம் வற்றியது, தையல் ஆறியது. சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. நாக்கின் இடது பக்கம் மட்டும் விறைத்தே கிடந்தது. மர்ஷூதா பக்கத்தில் உட்கார்ந்து, "டொக்டர் கதைக்கச் சொன்னாருதானே. ஒரு சொல்லு. என்ட காதுக்குள்ள மட்டும் சொல்லுங்க," என்று கெஞ்சினார். ஜௌபர் தலையை ஆட்டினார். கதைக்காத வரைக்கும் குரல் போகவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கலாம். கதைத்துப் பார்த்து, பழையபடி கூழாக வந்துவிட்டால்? அந்தப் பயம் கத்திப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மர்ஷூதா ஒவ்வொரு நாளும் கேட்டார். ஒவ்வொரு நாளும் அதே தலையாட்டல்தான்.

இறுதிப் போட்டி நாள் வந்தது. இரண்டு ஊரும் திரண்டு வந்து கயிற்றுக்கு வெளியே நெருக்கியடித்து நின்றது. தென்னை மரங்களில் ஒலிபெருக்கி கட்டி, முகாம் வீடுகளுக்கும் கேட்கும்படி திருப்பி வைத்திருந்தார்கள். ஜௌபர் ஒரு பார்வையாளராகத்தான் போனார். ஹாஜியார் விடவில்லை, அறிவிப்பாளர் கூடாரத்துக்குள் கதிரை போட்டு உட்கார வைத்தார். ரிப்கான் மைக்கைப் பிடித்து வெளுத்து வாங்கினான். குரல் என்றால் குரல். ஜௌபருக்கு உள்ளங்கை அரித்தது.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது முகாம் அணி இடது பக்கத்தால் பந்தைக் கொண்டுபோய் நடுவில் போட, ஒருவன் பாய்ந்து தலையால் தட்டினான். வலை ஆடியது. "கோல், கோல், கோல்," என்று ரிப்கான் தொண்டை கிழியக் கத்தினான். வெடி வெடித்தது. முகாம் சனம் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. தூரத்துக் கோட்டில் கொடி தூக்கி நின்ற உதவி நடுவரை ஜௌபர் கண்டார். ஓஃப்சைட். நடுவர் விசில் ஊதிக் கையை ஆட்டுகிறார், யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி இன்னும் கோல் கோல் என்கிறது. எத்தாளைப் பக்கத்தில் இருந்து ஒரு கதிரை பறந்து வந்தது. இந்தப் பக்கத்தில் இருந்து ஒரு தடி போனது.

ரிப்கானுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஹாஜியார் ஜௌபரைப் பார்த்தார்.

ஜௌபர் எழும்பினார். வீட்டுக்குள் ஒற்றை ஆளுக்கு முன்னால் திறக்கத் துணியாத வாயை இரண்டு ஊருக்கு முன்னால் திறக்க வேண்டும். மைக்கை வாங்கினார். கத்தக்கூடாது என்று டொக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒலிபெருக்கியின் சத்தத் திருகை முழுவதாகத் திருப்பிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கிற குரலில் தொடங்கினார்.

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. ஜௌபர் கதைக்கிறேன்."

முழுதாக வந்தது. ர வந்தது, ல வந்தது. ஓரத்தில் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். ஜௌபரின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருடமாக அந்த மைதானம் அவரிடம் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறது. இப்படி அமைதியாக ஒரு குரல் தென்னை மரத்தில் இருந்து இறங்கி வந்ததும், என்ன சொல்கிறார் என்று கேட்கச் சனம் வாயை மூடியது. ஓங்கிய கைகள் அந்தரத்தில் நின்றன.

"கொடி தூக்கி இரிந்திச்சு. நான் கண்ணால பாத்தேன். ஓஃப்சைட். முகாமுக்குக் கோல் இல்ல. நானும் முகாம்தான், எனக்கும் கவலதான். கயித்துக்கு வெளிய போங்க. இன்னும் நேரம் இரிக்கி, அடிக்க வேண்டிய கோல அடிப்போம்."

பிறகு முகாம் சனம்தான் முதலில் திரும்பியது. முணுமுணுத்துக்கொண்டு, தலையைச் சொறிந்துகொண்டு, கயிற்றுக்கு வெளியே போனது. எத்தாளைக்காரர்களும் பின்வாங்கினார்கள். ஹாஜியார் கண்ணைத் துடைத்தார். நடுவர் பந்தை வைத்தார். ஜௌபர் கதிரையில் உட்கார்ந்து, அதே தாழ்ந்த குரலில், பந்து போகிற வழியைச் சொல்லத் தொடங்கினார். சந்தோஷம் தாங்கமுடியாமல் சொல்லுக்குச் சொல் அவருக்குச் சிரிப்பு வந்தது.

பந்து வெளியே போன ஒரு நேரத்தில் கூடாரத்துக்குப் பின்னால் ஆள் ஓடி வருகிற சத்தம். மர்ஷூதா. தலையில் முக்காடு ஒரு பக்கம், கையில் ரொட்டி மா. ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் ஓடியது, அதற்கு மேல் கோபமும் இருந்தது.

"எத்தின நாளா கெஞ்சினேன். ஒரு சொல்லு கேட்டேன். எனக்கு இல்லாத கத, மொதல் மொதல் ஊருக்கா?"

மைக் திறந்திருந்தது. அது இரண்டு ஊருக்கும் கேட்டது. மைதானம் முழுவதும் கொல்லென்று சிரித்தது. எத்தாளைப் பக்கத்தில் இருந்து, "பதில் சொல்லுங்க நானா," என்று ஒருவன் கத்தினான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஜௌபர் கையால் மைக்கைப் பொத்தினார். மர்ஷூதாவின் பக்கம் குனிந்தார்.

"ஊருக்கிட்ட கூழாக் கதைச்சா ஊரு சிரிக்கும், சிரிச்சிட்டுப் போகும். ஒன்ட பேரச் சொல்லப் போய், அது வாயில வராமப் போனா நான் என்ன செய்ற, மர்ஷூதா?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெயர் வாயில் இருந்து சுத்தமாக வந்துவிட்டது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மர்ஷூதா மா ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பந்து உள்ளே எறியப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியில் சத்தம் வராமல் இருந்தது. யார் அடித்தார்கள், யார் தடுத்தார்கள் என்று இரண்டு ஊரும் கத்திக் கேட்டது. ஜௌபருக்கு அது காதில் விழவில்லை. அவர் அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.